கரி தடவிய மூலைகள்

கல்கத்தாவில் ஒருவரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. "சோல்ச்சே" என்பார்கள். நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எது நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்றெல்லாம் மேற்கொண்டு கேட்கக்கூடாது. காலையில் கிடர்பூரில் பஸ் ஏறும்போது கண்டக்டர் சொல்வார், இரண்டு மணி நேரம் கழித்து நியூ டவுனில் இறங்கினால் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் செக்யூரிட்டிக்காரர் சொல்வார், மாடிப்படியைத் துடைக்கிற அம்மா குனிந்த தலை நிமிராமல் சொல்வார். சாத்தூர்ப் பக்கத்தில் இதே கேள்விக்கு "ஏதோ ஓடுது" என்போம். அங்கே ஓடுகிற வாழ்க்கை இங்கே நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வந்த புதிதில் எனக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஊருக்குப் போன் பேசும்போதுகூட அண்ணனிடம் "நடக்குதுண்ணே" என்கிறேன். "யார் வீட்டுக் கல்யாணம்டா நடக்குது?" என்று அவன் சிரிக்கிறான்.

எனக்கு ஜனங்கள் பேசுகிற பேச்சின்மேல் ஒரு பைத்தியம் உண்டு. பத்தாவது தாண்டாதவன் நான். கற்றதெல்லாம் காதால் கற்றதும், எதையாவது திறந்து பார்த்துக் கற்றதும்தான். சிவகாசியில் அச்சு மெஷினைத் திறந்து பார்த்தேன். அக்கா வீட்டுக்காரர் கிடர்பூர் துறைமுகத்தில் வேலையாக இருந்தார். அவர் கூப்பிட்டு இங்கே வந்தபின் தராசு, மைக்ராஸ்கோப், சூடேற்றும் அடுப்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்த வேலை கிடைத்தது. பரமசிவம் என்கிற என் பெயரை இவர்கள் உள்ளே நுழைந்த அன்றே ஷிபு-தா ஆக்கிவிட்டார்கள். தா என்றால் அண்ணன். என்னைவிட மூத்தவர்களுக்கும் நான் அண்ணன்தான். நானும் என்னைவிடப் பத்து வயது இளைய ஷர்மிஷ்டாவை ஷர்மிஷ்டா-தி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருவரையொருவர் மூத்தவராக்கி வைத்துக்கொண்டு, பிறகு எல்லோருமாகச் சேர்ந்து களைத்துப்போகிற ஊர் இது.

எங்கள் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடர்பூரில் யாரோ ஒரு பழைய கிடங்கை இடித்தபோது தகரப் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் ரோடு போடப் போன தமிழ்த் தொழிலாளர் படைக்கு அவர்கள் வீடுகளிலிருந்து எழுதியவை. இங்கே வரை வந்து, பையில் கட்டி எல்லைக்கு அனுப்பி, ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வந்து, ஊருக்கும் அனுப்பப்படாமல் இங்கேயே தங்கிவிட்டவை. இதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். போர் வரலாறு எழுதும் லாஹிரி பாபு. காகிதத்தில் ஒட்டியிருப்பது என்ன என்று பார்க்கிற வேதியியல்காரர் ஷர்மிஷ்டா-தி. அவர் கண்டுபிடிப்பதை ஆயிரக்கணக்கான படங்களில் தேடும்படி மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ரித்தம், முப்பது வயது இன்ஜினியர். மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் மூன்று ஊர்ச் சந்தை மாதிரி இருக்கும். நடுவில் நான், விளக்கு எரிகிறதா, கேமரா நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

லாஹிரி பாபுவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தப் பைகள் எவ்வளவு தூரம் போய்த் திரும்பின? அந்தப் படை கடைசிவரை பின்னால்தான் ரோடு போட்டுக்கொண்டிருந்தது என்கின்றன சர்க்கார் காகிதங்கள். அவருக்கு அதில் நம்பிக்கையில்லை. குண்டு விழுகிற இடம்வரை போயிருப்பார்கள் என்பது அவர் கட்சி. போயிருந்தால் கடிதப் பை தீயையும் புகையையும் தொட்டிருக்கும், காகிதத்தின் ஓரங்களில் கரி இருக்கும். அதனால் மூலைகளை மட்டும் பார்த்தோம். முழுக் கடிதத்தைக் காட்டினால் எழுத்து மை குறுக்கே வந்து மெஷின் குழம்பும் என்று ரித்தம் சொன்னார். ஒவ்வொரு கடிதத்தின் நாலு மூலையையும் தபால்தலை அளவுக்குப் படத்தில் வெட்டி எடுத்தோம். அவற்றைப் பார்த்து "எரிந்தது", "எரியாதது" என்று பெயரிட ஒரு பொறுமையான ஆள் வேண்டியிருந்தது. அது நான். கடிதங்களைத் தமிழ் தெரிந்தவரை வைத்துப் படிப்பது அடுத்த வருடத் திட்டம். "நான் படிக்கட்டுமா சார்?" என்று ஒரு தடவை லாஹிரி பாபுவிடம் கேட்டேன். "அடுத்த கட்டம் ஷிபு, அடுத்த கட்டம்" என்றார். சரியென்று மூன்று மாதம் மூலைகளைப் பார்த்தேன். கருப்பாக இருந்தால் எரிந்தது. இல்லாவிட்டால் எரியாதது. மெஷின் என்னிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டது.

சில மூலைகளில் மஞ்சள் கறை இருந்தது. வெடிமருந்தாக இருக்குமோ என்று ஷர்மிஷ்டா-தி சோதித்துப் பார்த்தார். சமையல் மஞ்சள். "என்ன ஷிபு-தா, உங்க ஆளுங்க குழம்புக் கையோடதான் கடுதாசி எழுதுவாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் முடிவு வந்துவிட்டது. ஒரு கட்டுக் கடிதங்களில் நிறைய மூலைகள் எரிந்தவை என்று மெஷின் சொன்னது. கருவியும் ஆமாம், கரிதான் என்றது. லாஹிரி பாபு கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். நம் ஆட்கள் போர்முனையில் நின்றிருக்கிறார்கள் என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். ஷர்மிஷ்டா-திக்கு இது பெருமை மட்டுமில்லை, வாழ்வே இதில் இருந்தது. பதினோரு வருடமாக ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குத் தாவிக்கொண்டிருப்பவர். பேஹாலாவில் படுத்த படுக்கையாக அம்மா. ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணல் அடுத்த திங்கட்கிழமை. வயது வரம்பை இந்த வருடத்தோடு தாண்டுகிறார் என்பதால் அதுதான் கடைசி வாய்ப்பு. எரிந்த கடிதங்களைப் பற்றித்தான் அங்கே பேசப்போகிறார். "கிடைச்சிடும் ஷிபு-தா, இந்தத் தடவை கிடைச்சிடும்" என்று அவர் சொன்னபோது குரலில் நம்பிக்கையைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெண்ணைக் கூப்பிட்டேன். நந்தினி பதினொன்றாம் வகுப்பு. பெங்காலியில் சண்டை போடுவாள், தமிழில் பசிக்கிறது என்பாள். இரண்டும் அவளுக்கு வீட்டு மொழிதான். கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். வரிசை வரிசையாக மூலைகள். "பாரு, நம்ம ஆளுங்க குண்டு விழுற இடத்துல நின்னிருக்காங்க" என்று நீட்டினேன். அவள் பார்ப்பதற்குள் அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி அன்னம் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பாம்பைக் கண்டது மாதிரி பின்னால் போனாள்.

"என்னங்க இது? எவன் வீட்டுச் சாவுக் காயிதத்தையெல்லாம் போன்ல போட்டு வச்சிருக்கீங்க?"

"சாவுக் காயிதமா? இது எரிஞ்சது. போர்ல எரிஞ்சது."

"எரிஞ்சதா? எரிஞ்சா இப்படியா இருக்கும்? பெருவிரல வச்சுத் தடவியிருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு? இதோ இது கல்யாணக் காயிதம், மஞ்ச இருக்கு. இது சாவு. இதுவும் சாவு. அய்யோ, இத்தனை சாவா! விளக்கு வைக்கிற நேரத்துல கொண்டாந்து காட்டுறீங்களே. மொதல்ல அழிங்க அதை."

அன்னம் எட்டாவது படித்தவள். ஒரு எழுத்துகூட இல்லாத அந்தத் துண்டுப் படங்களை ஒரே பார்வையில் படித்துவிட்டாள்.

படங்களை அழித்தேன். எனக்குப் பத்தொன்பது வயதில் பெரியப்பா இறந்தபோது தபால் கார்டுகள் எழுதியது ஞாபகம் வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுத உட்கார்த்தினார்கள். நான் எழுதி எழுதிக் கொடுக்க, அப்பா ஒவ்வொரு கார்டாக வாங்கி மூலைகளில் கருப்பு மை தடவினார். தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை அவருக்கு. விரலிடுக்கில் அந்த மருந்து எப்போதும் ஒட்டியிருக்கும். மை தீர்ந்ததும் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக்கொண்டார். "எதுக்குப்பா இவ்வளவு மெனக்கெடுறீங்க? உள்ளதான் எழுதியிருக்கே" என்று கேட்டேன். "வாங்குறவன் எல்லாரும் படிச்சவனாடா? படிக்கத் தெரியாதவனுக்கும் கையில வாங்கின உடனே தெரியணும். உக்காந்துக்கிடுவான்ல" என்றார். செய்தியைப் படித்ததும் கார்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது, தலைமுழுக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். கார்டாகக் கையில் இருந்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். நாலாக வெட்டி, பெரிதாக்கி, கண்ணாடித் திரைக்குப் பின்னால் வைத்து, எரிந்ததா எரியவில்லையா என்று கேட்டதும் நான் எந்த ஊர்க்காரன் என்பதே மறந்துபோய்விட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்காக வைத்த அடையாளத்தை, படித்த கூட்டத்தோடு உட்கார்ந்து மூன்று மாதம் தப்பாகப் படித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. ஷர்மிஷ்டா-தி தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "ஷிபு-தா, கொஞ்சம் கேளுங்க, சரியா வருதான்னு சொல்லுங்க" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு பெண் குழந்தையோடு இறங்கினாள். கண்டக்டர் வழக்கம்போல "ஆஸ்தே லேடிஸ், கோலே பாச்சா" என்று கத்தினார். மெதுவாக, பெண் இறங்குகிறாள், இடுப்பில் குழந்தை இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்கிற வார்த்தை. குழந்தை இல்லாத பெண்ணுக்கும் அதைத்தான் சொல்வார்கள். அவ்வளவு மெதுவாக ஒருவரைக் கீழே இறக்கிவிட எனக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் மண்குவளையில் டீ குடிக்கும்போது சொன்னேன். நாங்கள் பேசுவது பெங்காலியும் இந்தியும் இங்கிலீஷும் சேர்ந்த ஒரு கலவை. அதைத் தமிழில் சொல்கிறேன்.

"தி, அந்தக் கரி போர்ல வந்தது இல்ல. வீட்டுல தடவினது. எங்க பக்கம் யாராவது செத்துப்போனா கடுதாசி மூலையில கருப்புத் தடவி அனுப்புவோம். வாங்கினவங்க படிச்சிட்டு அதை அழிச்சிடணும்."

அவர் குவளையை வாயிலிருந்து எடுத்தார். "அழிக்கிறதுன்னா? எரிச்சிடுவீங்களா?"

"கிழிச்சுப் போடுவோம். சில பேர் எரிக்கிறதும் உண்டு."

"அரே பாபா! அப்போ எரிஞ்சதுதானே? பயமுறுத்திட்டீங்களே!" என்று சிரித்து என் தோளில் தட்டினார். பாதி எரித்துவிட்டு மனசு மாறித் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று அவருக்குள்ளேயே ஒரு கதை உண்டாகிவிட்டது. அதைக் கலைக்க எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் பிடித்தது. என் குவளையிலிருந்த டீயில் விரலைத் தொட்டு அவருடைய நோட்டுப் புத்தகத்தின் மூலையில் தடவிக் காட்டினேன். "இப்படி. எழுதின கையே இப்படித் தடவும். மஞ்சளும் அதே மாதிரிதான். நல்ல சேதின்னா மஞ்சள்."

அவர் அந்த ஈர மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலயும் ஹோலுத், அதான் இந்த மஞ்சள், வைப்போம், ஷிபு-தா. என் கல்யாணத்துக்கு நானே உக்காந்து வச்சேன். நான் எப்படி குழம்புன்னு சொன்னேன்?" என்றார்.

"நானும் சிரிச்சேனே தி."

"ரெண்டு முட்டாளுங்க" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அதுதான் அவர் படிப்பு. "வாங்க, திறந்து பார்ப்போம்" என்றார் கடைசியில்.

பத்துக் கடிதங்களை முழுதாக எடுத்து விரித்தோம். லாஹிரி பாபுவும் ரித்தமும் வந்து நின்றார்கள். மடித்த காகிதத்தைத் தீ தொட்டால் மடிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கருக்கும், வெளிப்பக்கம் அதிகம், உள்ளே குறைவு. இவற்றில் கருப்பு எழுதிய பக்கத்து மூலைகளில் மட்டும் இருந்தது. காகிதம் எங்கேயும் பொசுங்கவில்லை. ஒன்றை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தார் ஷர்மிஷ்டா-தி. கரியில் ஒரு பெருவிரலின் ரேகை சுழிசுழியாக அப்படியே இருந்தது. "என்ன எழுதியிருக்கு?" என்று லாஹிரி பாபு கேட்டார். அடுத்த கட்டம் அன்றைக்கே வந்துவிட்டது.

நான் வாசித்தேன். ஒரு தம்பிக்கு அண்ணன் எழுதியது. நம் ஆத்தா போன வெள்ளிக்கிழமை விடியற்காலம் தவறிவிட்டாள். கடைசியில் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ வர முடியாது என்று தெரியும், தெரியப்படுத்த வேண்டியது கடமை என்று எழுதுகிறேன். இந்தக் காகிதம் கண்டதும் தலைமுழுகவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இவ்வளவுதான். வரிவரியாக லாஹிரி பாபுவுக்கு பெங்காலியில் சொன்னேன். அந்தத் தம்பி இதைக் காணவே இல்லை. அம்மா இருக்கிறாள் என்ற நினைப்பிலேயே ரோடு போட்டிருப்பான், அல்லது அந்த நினைப்பிலேயே செத்திருப்பான். எண்பது வருடத்தில் அந்தச் செய்தியைக் கையில் வாங்கிய முதல் ஆள் நான்.

எனக்கு அந்தக் குடும்பத்தோடு என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. கிழிக்க முடியாது, ஆராய்ச்சிச் சொத்து. மிச்சம் இருந்தது தலைமுழுகுவது ஒன்றுதான். அமிலம் மேலே கொட்டிவிட்டால் உடனே நனைவதற்கு எங்கள் கூடத்தின் மூலையில் ஒரு அவசர ஷவர் உண்டு. வாரம் ஒருமுறை அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. போய் அதன் கீழே நின்று சங்கிலியை இழுத்தேன். தண்ணீர் கொட்டிய சத்தத்தில் ஷர்மிஷ்டா-தி அலறிக்கொண்டு ஓடிவந்தார். "எங்கே பட்டுது? கண்ணுலயா? எந்த ஆசிட்?" ரித்தம் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சட்டை பேன்ட்டோடு சொட்டச் சொட்ட நின்று, "ஒண்ணும் இல்ல தி, அந்தப் பையனுக்குப் பதிலா" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. தன் ஏப்ரனைக் கழற்றித் தலையைத் துவட்டச் சொல்லிக் கொடுத்தார்.

லாஹிரி பாபு மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். "அப்போ அவங்க போர்முனைக்குப் போகலையா?" என்று கேட்டார். "தெரியலை சார். இந்தக் காகிதம் அதைச் சொல்லலை" என்றேன். "உன் ஆளுங்களுக்கு ஒரு யுத்தகளம் வாங்கித் தரலாம்னு பார்த்தேன், ஷிபு" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. கரி என்று கருவி சொன்னது பொய்யில்லை. ஆனால் அது போர் நெருப்பின் கரி இல்லை, சாவு விழுந்த வீட்டு விளக்கின் கரி. அதைச் சொல்கிற வேலை எந்தக் கருவிக்கும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஷர்மிஷ்டா-தி நேர்காணலுக்குப் போனார். பேசாமல் பழையதையே பேசிவிட்டு வரலாம், இன்னும் எதுவும் அச்சாகவில்லையே என்று ரித்தம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஷர்மிஷ்டா-தி அதைக் காதில் வாங்கவில்லை. அங்கே போய், மூலைப் படத்தைக் காட்டி, இதை நாங்கள் தப்பாகப் படித்தோம், எங்கே தவறினோம் என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தாராம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்களாம். பிறகு ஒருவர், "சரி, அப்படியானால் உங்கள் கண்டுபிடிப்புதான் என்ன?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. ஆசன்சோலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போகிறார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. கடைசி நாள் மேஜையைக் காலி செய்யும்போது அட்டைப்பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தேன். "கோபமா தி?" என்று கேட்டேன். "கோபம் இல்ல ஷிபு-தா, களைப்பு. கோபப்படுறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டே, "உங்க வீட்டுக்கு அந்த மாதிரி கடுதாசி வந்திருக்கா?" என்று கேட்டார்.

வந்திருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது போனில்தான் சேதி வந்தது. நான் ரயில் மாறி மாறி சாத்தூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்து திரும்பினேன். நான் ஊரில் இருந்தபோதே அண்ணன், விலாசப் பட்டியலில் இருந்தது என்பதற்காக, கல்கத்தா விலாசத்துக்கும் ஒரு கருமாதிப் பத்திரிகையைத் தபாலில் போட்டிருக்கிறான். சிவகாசி அச்சு, அப்பாவின் போட்டோ, நெற்றி நிறைய விபூதி, வெள்ளைத் தாடி. மூலையில் அண்ணன் தன் கையால் மையும் தடவியிருந்தான். அதை வாங்கியது கீழ்வீட்டு மாஷிமா. மாஷிமா என்றால் சித்தி, எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். தமிழ் தெரியாது. நான் திரும்பிய அன்று, "உன் தேசத்துலேர்ந்து ஒரு சாமியார் படம் வந்துச்சு ஷிபு. கீழ போட்டுடக் கூடாதேன்னு பூஜை அலமாரியில வச்சிருக்கேன். பெரிய சாதுவா?" என்று கேட்டார். இரண்டு நாள் ரயில் களைப்பு. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்குள் வைக்கவே கூடாத காகிதம், காளிக்கும் லட்சுமிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் பூ, ஊதுபத்தி, இரண்டு நகுல்தானா, அந்த வெள்ளைச் சர்க்கரை உருண்டை. அன்னம் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், பயத்தில்.

ஷர்மிஷ்டா-தி கேட்டு முடித்ததும் கயிற்றை விட்டுவிட்டார். "தூர், போங்க! என்கிட்ட உண்மையைச் சொல்லி என் வேலையைக் கெடுத்தீங்க. கீழ்வீட்டு அம்மாகிட்ட ஏழு வருஷமா பொய்யா? நல்ல அண்ணன் நீங்க!" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் கட்டிய முடிச்சை அவிழ்த்து அவரே ஒரு தடவை இறுக்கிக் கட்டினார்.

அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறாமல் மாஷிமா வீட்டுக் கதவைத் தட்டினேன். விளக்கேற்றத் திரி திரித்துக்கொண்டிருந்தார். "கீ கோபோர், ஷிபு?" என்று வழக்கம்போல நலம் கேட்டார். சோல்ச்சே என்று சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அது சாமியார் இல்லை, என் அப்பா. தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கியவர். அது இறந்துபோன சேதி. வந்த அன்றே கிழித்திருக்க வேண்டும். உங்கள் பூஜையைக் கெடுத்துவிட்டேன், எடுத்துக்கொள்கிறேன்.

மாஷிமா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய் அந்தப் பத்திரிகையை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ஊதுபத்திப் புகையில் அதன் ஓரம் முழுதும் பழுத்துப்போயிருந்தது. மையின் கருப்பு எது, புகையின் கருப்பு எது என்று எங்கள் கருவியே வந்தாலும் இனிமேல் சொல்ல முடியாது.

"உன் அப்பா இங்க வந்திருக்காரா எப்பவாவது?"

"எத்தனையோ தடவை கூப்பிட்டேன் மாஷிமா. அவ்வளவு தூரம் முடியாதுன்னுட்டார். மெட்ராஸைத் தாண்டினதே இல்ல."

"பின்னே? ஏழு வருஷம் பூ வாங்கினவரை இப்போ எழுந்து போன்னு சொல்லச் சொல்றியா? வயசான மனுஷன், இந்த ஊர்ல அவருக்கு யாரைத் தெரியும், எங்க போவார்?" பத்திரிகையை எடுத்த இடத்திலேயே வைத்தார். "சாதுன்னு நினைச்சு வாய்க்குள்ளயே கும்பிட்டுக்கிட்டிருந்தேன். பேரைச் சொல்லு, இனிமே பேர் சொல்லிப் பூ வைக்கிறேன்."

"சுப்பையா" என்றேன்.

இப்போது ஆராய்ச்சிக்கூடத்தில் திரும்பவும் மூலைகளைப் பார்த்துப் பெயரிட்டுக்கொண்டிருக்கிறேன், முதலிலிருந்து. ரித்தம் மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறார். என்ன பெயர் போட என்று கேட்டார். "வீடு" என்று போடச் சொன்னேன். எரிந்தது, எரியாதது, வீடு. ஷர்மிஷ்டா-தியின் நாற்காலிக்கு இன்னும் யாரும் வரவில்லை. காலையில் நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது கீழே சங்கு ஊதும். அது ஓய்ந்ததும் மாஷிமா தன் தெய்வங்களை வரிசையாகக் கூப்பிடுவார். காளி, லட்சுமி, கோபால், கடைசியில் "ஷுப்போய்யா" என்று ஒரு பெயர். பித்தளைத் தட்டில் இரண்டு நகுல்தானா விழுகிற சத்தம் கேட்கும். சாத்தூரை விட்டு வரமாட்டேன் என்றவர் கீழே குடியிருக்கிறார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்துகிறேன்.